வரவு இடாப்பு

நினைவு மலரின் முதற்பக்கத்துக்கு மூன்று சொற்களை எழுதி வைத்திருக்கிறார்கள்: ஆசிரியை, சபைத் தலைவி, குடும்பத்தின் மூத்தவர். மூன்றும் சரிதான். ஆனால் அம்மம்மாவின் வளவில் வளர்ந்த எனக்கு அவை மூன்று வேலைகளாகத் தெரிந்ததில்லை. காலையில் பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடுவார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று வெளியே போகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். இரவுச் செபத்துக்கு முன் பாயில் இருக்கிற எங்கள் தலைகளை எண்ணுவார். எல்லா இடத்திலும் அவருடைய கண் வெறுமையாய்க் கிடந்த இடத்தில்தான் போய் நிற்கும்.

"எங்கை மற்றவன்?"

அவர் வாயில் நான் அதிகம் கேட்ட வார்த்தை இதுதான். வேதவசனம் நிறையத் தெரிந்தவர். பிரசங்கம் கேட்கப் பொறுமை உள்ளவர். ஆனாலும் அவருடைய விசுவாசம் முழுவதும் அந்த இரண்டு சொல்லுக்குள் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

*

மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு மேற்கே திரும்பி வருகிறவர்களுக்கு மல்லாவி ஒரு கடைத்தெருவாகத்தான் முதலில் தெரியும். வங்கி, ஆஸ்பத்திரி, மத்திய கல்லூரி, உரக்கடை, சைக்கிள் கடை. அதற்கு அப்பால் யோகபுரம், பாலிநகர், பாண்டியன்குளம், துணுக்காய் என்று வயலும் காடும் மாறி மாறி வரும். எல்லாவற்றுக்கும் பின்னால் வவுனிக்குளம் இருக்கிறது. பாலியாற்றை மறித்துக் கட்டிய பழைய குளம். ஹென்றி பார்க்கர் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் 1909இல் வெளியிட்ட தன் புத்தகத்தில், மகாவம்சம் சொல்லும் பேலிவாபி இதுதான் என்று வாதிட்டார். அவ்வளவு பழைய குளம் நெடுங்காலம் உடைந்து காடேறிக் கிடந்தது. 1950களில் திருத்தி எடுத்தபிறகுதான் கீழே காணி பிரித்துக் கொடுத்து ஆட்களைக் குடியேற்றினார்கள். எங்கள் ஊர்களில் பாதி, அந்த வாய்க்கால்களுக்குப் பின்னால் வந்த ஊர்கள்.

அம்மம்மா வலிகாமத்துப் பிள்ளை. முதல் நியமனம் வன்னிக்கு வந்தது. கஷ்டப் பிரதேசம் என்று அரசாங்கமே பெயர் வைத்த இடம். காய்ச்சல், யானை, இருட்டு. நியமனம் பெற்று வருகிறவர்கள் மாற்றல் விண்ணப்பத்தையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே வருவார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதில் அவருக்குக் கோபமில்லை. அவர்களுக்கும் வீடு இருந்தது, வயதான தாய் தகப்பன் இருந்தார்கள். ஆனால் ஒரு தவணைக்கு ஒரு ஆசிரியர் என்று மாறினால் பிள்ளையின் பெயரை யார் நினைவில் வைத்திருப்பது என்று கேட்பார். அவர் இங்கேயே கலியாணம் முடித்தார், இங்கேயே வயல் செய்தார், இங்கேயே இருந்தார். யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் சிலருக்கு அது கடைசிவரை ஒரு குறையாகவே பட்டது.

*

அவர் படித்தது உடுவிலில். அவருடைய தாய், தாயின் தாய் எல்லாரும் உடுவில் என்பது வீட்டுப் பேச்சு. ஆகவே எலிசா அக்னியூ என்ற பெயர் எங்கள் வீட்டில் ஒரு பழைய உறவுக்காரியின் பெயர் போலவே புழங்கியது. ஒரு படத்தைக்கூடப் பார்க்காத வயதிலேயே அவரை எனக்குத் தெரியும்.

1807இல் நியூயோர்க்கில் பிறந்தவர். எட்டு வயதில் பூமிசாத்திர வகுப்பில் ஆசிரியர் வரைபடத்தில் இலங்கைத் தீவைக் காட்டினாராம். அன்றே, வளர்ந்தபின் மிஷனரியாய்ப் போவேன் என்று அந்தப் பிள்ளை முடிவெடுத்தது. முடிவெடுத்தவர் உடனே புறப்படவில்லை. தாயும் தகப்பனும் உயிரோடிருக்கும்வரை அவர்களைப் பார்த்துக்கொண்டார். அவர்கள் போனபின், 32 வயதில், கப்பலேறி 1840இல் யாழ்ப்பாணம் வந்தார். மணமாகாத பெண் ஒருத்தி அப்படி வருவது அந்தக் காலத்தில் இங்கே அரிது. 1879வரை உடுவில் பெண்கள் பள்ளியை நடத்தினார். பிறகு மானிப்பாயில் இருந்து, 1883இல் அங்கேயே காலமானார். இந்த 43 ஆண்டில் ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பவில்லை. கேட்டவர்களுக்கு நேரமில்லை என்று பதில் சொன்னாராம்.

அவரிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்பிள்ளைகள் படித்தார்கள். முதலில் படித்தவர்களின் மகள்மார் வந்தார்கள், பிறகு பேத்திமாரும் வந்தார்கள். பிள்ளை பெறாத அந்தப் பெண்ணை ஆயிரம் மகள்மாரின் தாய் என்று அழைத்தார்கள். சாகும் தறுவாயில், தனக்காக அல்ல, யாழ்ப்பாணத்துப் பெண்களுக்காகச் செபிக்கும்படி கேட்டார் என்று, கூட இருந்த மேரி லீச், மார்கிரட் லீச் சகோதரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அம்மம்மாவுக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் கப்பலேறியது அல்ல. பேத்திமார் வந்த இடம். ஒரு வகுப்பறையில் நின்று, முன்வாங்கில் இருக்கிற பிள்ளையின் முகத்தில் அதன் தாயையும், தாயின் தாயையும் அடையாளம் காண்பது என்றால் எப்படி இருந்திருக்கும் என்று கேட்பார். அவரே அதைப் பிறகு அனுபவித்தார். மூன்றாம் தலைமுறைப் பிள்ளை ஒன்று ஒருநாள் ஏழாம் இலக்கத்தைத் திருப்பிப்போட்டு எழுதியபோது, "உன்ரை அம்மம்மாவும் இப்பிடித்தான் எழுதினவ" என்று சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

*

உடுவில் பள்ளி 1824இல் தொடங்கியது. ஹரியற் வின்ஸ்லோ தொடங்கினார். பெரிய தமிழ்–ஆங்கில அகராதியை 1862இல் வெளியிட்ட மிறோன் வின்ஸ்லோவின் மனைவி. 1833இல், நாற்பது வயதாகு முன்னரே, அவர் இறந்துபோனார். பள்ளி தொடங்கிய விதத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மழை பிடித்த ஒரு மாலையில் இரண்டு சிறுமிகள் மிஷன் வீட்டிலேயே தங்கவேண்டி வந்தது; பசித்தபோது அங்கே சமைத்ததைச் சாப்பிட்டார்கள்; சாப்பிட்டுவிட்டதால் தகப்பன் அவர்களை அங்கேயே விட்டுவிட்டான். கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாயைப் பற்றிய யோசனைதான் வரும். அவளைக் கதையில் ஒருவரும் கேட்கவில்லை.

எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்றால் கோயிலில் ஆடுகிறவள்தான் என்று குடும்பங்கள் எண்ணிய காலம் அது. பிள்ளைகளை வைத்திருக்க மிஷன் உணவு கொடுத்தது, உடை கொடுத்தது. படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்குச் சிறிய சீதனமும் கொடுத்தது. பிள்ளையின் செலவைப் பொறுத்த அமெரிக்க நன்கொடையாளர் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள். வட்டுக்கோட்டைச் செமினரிப் பையன்களுக்கும் இதுதான். கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று பாதிப் பெயர் அமெரிக்காவிலும் பாதிப் பெயர் ஊரிலுமாக நம் இலக்கிய வரலாற்றில் நிற்கிறார்கள். பெரிய அறிஞர்கள் ஆனபடியால் அவர்களின் இரண்டு பெயரும் தப்பின. உடுவில் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் வைத்த பெயர் தப்பவில்லை.

இதை நான் அம்மம்மாவிடம் ஒருமுறை கடுமையாகச் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த புதிது. அவர் மிஷனுக்காக வாதாடவில்லை. கொஞ்ச நேரம் புளியங்கொட்டை உடைத்துக்கொண்டிருந்துவிட்டு, பெயரை மாற்றினது பிழை என்றார். இன்னொருவர் காசு கொடுத்தால் பிள்ளையின் பெயர் அவருக்குச் சொந்தமாகாது என்றார். பிறகு, அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததும் உண்மை, அதையும் சேர்த்து எழுது என்றார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். நான் இன்றுவரை அதைவிடச் சரியாக யோசித்ததில்லை.

அவர் தன் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் பட்டப்பெயர் வைக்க விடமாட்டார். மலையகத்திலிருந்து 1977 கலவரத்துக்குப் பின் வந்து குடியேறிய குடும்பங்கள் இங்கே நிறைய. அவர்களை ஊர் அழைத்த விதம் நல்லதல்ல. அந்தப் பிள்ளைகளில் சிலருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் பரீட்சை விண்ணப்பத்தில் சிக்கல், அடையாள அட்டையில் சிக்கல், பிறகு எல்லாவற்றிலும் சிக்கல். அம்மம்மா சனிக்கிழமைகளில் விறாந்தையில் இருந்து அவர்களுக்காகக் கடிதம் எழுதுவார். பதிவாளருக்கு, கிராம சேவையாளருக்கு, பிறந்த தோட்டத்துத் துரைக்கு. தகப்பனின் பெயரை மூன்று தரம் உச்சரிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் எழுதுவார். காகிதத்தில் ஒரு எழுத்துப் பிசகினால் அந்தப் பிள்ளை ஆயுள் முழுக்க இன்னொருவராக அலைய வேண்டும் என்று சொல்வார்.

*

குசினியில் அரிசிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பால்மா ரின் இருந்தது. உலைக்கு அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்த ரின்னுக்குள் போடுவார். பிடியரிசி. மாதக் கடைசியில் அதைச் சபைக்குக் கொண்டுபோவார்.

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதைச் செய்தார்கள். லீச் சகோதரிகளின் புத்தகத்தில் இது இருக்கிறது. கையில் காசு புழங்காத பெண்களிடம் அளந்துபோடும் அரிசி மட்டும் இருந்தது. அதிலிருந்து ஒரு பிடி, வளவில் ஒரு தென்னை, இப்படிச் சேர்த்துத்தான் ஊர்ச் சபைகள் தங்கள் ஊழியர்களைத் தீவுப் பகுதிகளுக்கு அனுப்பின. சைவ வீடுகளிலும் கோயிலுக்கும் மடத்துக்கும் பிடியரிசி எடுக்கிற வழக்கம் உண்டு. கடவுளுக்கு முதலில் எடுத்து வைக்கும் கை எல்லா வீட்டிலும் ஒரே மாதிரித்தான் அசைகிறது.

நான் கவனித்தது வேறொன்று. அரிசி நிறைய இருந்த காலத்திலும் குறைந்த காலத்திலும் அவருடைய பிடி ஒரே அளவாக இருந்தது. 1996க்குப் பிறகு எங்கள் வளவில் நிறையக் குடும்பங்கள் இருந்தபோது, கஞ்சிக்கே அரிசி காணாத நாட்களில், சின்னம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார், இப்பவும் இது வேணுமா என்று. அம்மம்மா ரின்னைத் திறந்து காட்டினார். அந்த அரிசியைத்தான் அவர் பின்வளவில் கொட்டில் போட்டிருந்த ஒரு கிழவிக்கு ஒவ்வொரு வெள்ளியும் கொடுத்துக்கொண்டிருந்தார். சபைக்குப் போகும் பாதையைச் சுருக்கிவிட்டார், அவ்வளவுதான்.

*

சபையில் அவருக்குப் பதவி இருந்ததா என்று நினைவு மலர் எழுதுகிறவர்கள் கேட்டார்கள். பெண்கள் ஐக்கியத்தில் இருந்தது. ஓய்வுநாட் பாடசாலையில் இருந்தது. அவை பெரிய கதிரைகள் அல்ல. 1947இல் தென்னிந்திய திருச்சபை உருவானபோது அமெரிக்க மிஷன் சபைகள் அதன் யாழ்ப்பாண ஆதீனமாகின. சபாபதி குலேந்திரன் முதற் பேராயரானார். தமிழர் கைக்கு வந்த திருச்சபை என்று அம்மம்மாவின் தலைமுறை அதில் பெருமைப்பட்டது. ஆனால் அவர் வாலிபமாய் இருந்த காலத்தில் பெண் பீடத்தில் நிற்கலாம் என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

போதகர் எல்லா ஞாயிறும் வரமாட்டார். பல சபைகளுக்கு ஒருவர். வழியடைத்த காலங்களில் மாதக்கணக்காக ஒருவரும் வரமாட்டார்கள். அப்போது ஆராதனையை நடத்தியது அவர். பாட்டுத் தொடங்குவார், பாடம் வாசிப்பார், செபிப்பார். பிரசங்கம் என்று சொல்லமாட்டார், இரண்டு வார்த்தை சொல்லுறன் என்பார். அந்த இரண்டு வார்த்தை அரைமணிக்கூடு போகும். பிள்ளை பிறந்த வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் முதலில் போனது அவர்தான். போதகர் திரும்பி வந்ததும் ஒரு சொல் இல்லாமல் பின்வாங்கிற்குப் போய்விடுவார். எனக்கு அதைப் பார்க்க நெஞ்சு எரியும். அவருக்கு எரியவில்லை என்று நான் எழுதமாட்டேன். ஒருமுறை, வீதியால் நடந்து வரும்போது, "திராட்சரசக் கிண்ணத்தைக் கழுவி வைக்க என்ரை கை காணும், தூக்க மட்டும் காணாது" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு வேறு கதைக்குப் போய்விட்டார்.

இப்படி முன்னின்ற பெண்கள் முன்பும் உண்டு. பாளையங்கோட்டையில் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பிராமண விதவை ஒருவர் 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தா ஆனார். பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க ஏற்பாடு செய்தார், சபையைக் கூட்டினார், 1785இல் நிறைவேறிய அந்தக் கோயிலைக் கட்ட முன்னின்றார். 1780இல் எழுதிய சபைப் பதிவேட்டில் இருக்கிற நாற்பது பேரில் முதற் பெயர் அவருடையது. திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்தில் நிற்கிறவர் ஒரு பெண் என்பதை, அந்த மக்கள் கோயிலுக்குத் தாங்களே வைத்த பெயரால் காப்பாற்றிவிட்டார்கள். மல்லாவிப் பக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. எங்கள் சபைக்கு என்ன பெயர் பலகையில் இருந்தாலும், அயலில் உள்ள சைவக் குடும்பங்கள் அதை ரீச்சற்றை கோயில் என்றுதான் சொல்லும்.

அந்த அயலோடு அவர் இருந்த விதத்தையும் எழுதவேண்டும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு ஊர் புறப்படும்போது ஓய்வுநாட் பாடசாலையை அடுத்த கிழமைக்கு மாற்றிவிடுவார், பிள்ளைகள் அரைவாசிப்பேர் அயல் வீட்டுச் சிநேகிதரோடு போக ஆசைப்படுவார்கள் என்று. ஆவணியில் மடுவுக்கு நடந்து போகும் கத்தோலிக்கர் வளவில் தங்கினால் பாய் விரித்துத் தண்ணீர் வைப்பார். யாரையும் மதம் மாறச் சொல்லி அவர் கேட்டு நான் அறியவில்லை. யாரும் வராவிட்டால் மட்டும் கேட்பார்.

*

1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தால் வலிகாமம் வெறுமையானது. சனம் செம்மணி தாண்டி, நாவற்குழி தாண்டித் தென்மராட்சிக்குப் போய், அங்கிருந்து கிளாலிக் கடலால் வன்னிக்கு வந்தது. அடுத்த ஆண்டு கிளிநொச்சியும் இடம்பெயர்ந்தபோது மல்லாவி ஒரு நகரமாயிற்று. அலுவலகங்கள், மருந்து, சந்தை எல்லாம் இங்கே. பள்ளிக்கூடங்கள் காலை ஒன்று, பின்னேரம் ஒன்று என்று ஒரே கூரைக்குக் கீழே நடந்தன. கூரை காணாதபோது மரத்துக்குக் கீழே.

பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை, கொப்பி விலை தொட முடியாது. ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்தோம். பென்சிலால் எழுதி அழித்து மறுபடி எழுதினோம். அந்த நாட்களில் அம்மம்மா பாடசாலை இடாப்பைத் தவிர இன்னொரு கொப்பி வைத்திருந்தார். வந்து சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயர், முன்பு படித்த பள்ளிக்கூடம், வகுப்பு, கையில் என்ன பத்திரம் இருக்கிறது, என்ன இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் அதை விடவில்லை. வந்தால் ஒன்று, வராவிட்டால் சைபர் என்பது பள்ளிக்கூட வழக்கம். கடைசி ஆண்டுகளில் சில பெரிய வகுப்புப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே அவர் ஒன்றும் போடவில்லை, சைபரும் போடவில்லை. கட்டம் வெறுமையாய் இருக்கும். அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று ஊருக்குத் தெரியும். தாங்களாகப் போனவர்களும் உண்டு, கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு. அவர் தாய்மாரிடம் போய் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு வருவார். ஆராதனையில் அந்தப் பெயர்களைச் சத்தமாகச் சொல்லிச் செபித்தார். அப்படிச் சொல்வது நல்லதல்ல என்று எச்சரித்தவர்கள் இருந்தார்கள். பெயர் சொல்லாமல் எப்படிச் செபிப்பது என்று கேட்டார்.

2008 நடுப்பகுதியில் நாங்கள் புறப்பட்டோம். செப்டெம்பர் 2ஆம் திகதி மல்லாவி இராணுவத்திடம் போனது என்று வழியில் வானொலியில் கேட்டோம். அதற்குப் பிறகு தர்மபுரம், விசுவமடு, கடைசியில் கடற்கரை. அந்த மாதங்களை இங்கே எழுதப்போவதில்லை. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். ஒவ்வொரு பங்கருக்குள்ளும் இறங்கியபின் அவர் இருட்டில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்வார், நாங்கள் ஓம் என்று சொல்லவேண்டும். ஒருநாள் ஒரு பெயருக்கு ஓம் வரவில்லை. அவர் அடுத்த பெயருக்குப் போகவில்லை.

இடாப்பும் கொப்பியும் ஒரு உரப்பையில் இருந்தன. அந்தப் பை போய்விட்டது.

*

யுத்தம் முடிந்தபின் மனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனத்தை முட்கம்பிக்குள் வைத்திருந்தார்கள். முகாமின் பிரிவுகளுக்குத் தமிழ்ப் பெரியவர்களின் பெயர்: இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் உடுவிலுக்குப் பக்கத்திலேயே, மருதனார்மடத்தில், சைவப் பெண்பிள்ளைகளுக்கென்று கல்லூரி தொடங்கியவர். மிஷன் பள்ளிக்கு மட்டும் போகவேண்டியதில்லாமல் எங்கள் பெண்களுக்கு இன்னொரு வாசலைத் திறந்தவர். அவருடைய பெயரை அந்தக் கம்பி வேலியில் எழுதியிருந்ததைப் பார்த்து அம்மம்மா நெடுநேரம் நின்றார்.

அங்கேதான் அவர் மறுபடி எழுதத் தொடங்கினார். நிவாரணமாக வந்த ஒரு கொப்பி, ஒரு பேனை. நினைவில் இருந்து, வகுப்பு வகுப்பாக, வாங்கு வாங்காக. தறப்பாள் கூடாரத்தின் வாசலில் இருந்து கண்ணை மூடுவார், பிறகு ஒரு பெயரை எழுதுவார். தண்ணீர் வரிசையில் நிற்கிறவர்கள் வந்து, "ரீச்சர், என்ரை மகளைப் போட்டனீங்களா?" என்று கேட்பார்கள். 2009 ஆகஸ்டில் முகாமுக்குள்ளேயே உயர்தரப் பரீட்சை நடந்தபோது, அந்தக் கொப்பியைப் பார்த்து யார் யார் பரீட்சைக்குத் தோற்ற வேண்டியவர்கள் என்று தேடித் திரிந்தார். எழுபது வயது தாண்டிய பெண். கால் வீங்கியிருந்தது.

அந்த ஆண்டுக் கடைசியில் துணுக்காய்ப் பகுதிக்குத் திரும்ப விட்டார்கள். கூரையில்லாத வீட்டுக்குள் நுழைந்து முதலில் அவர் செய்தது குசினிச் சுவரைத் தடவிப் பார்த்ததுதான். இரண்டாவதாகச் செய்தது, யார் யார் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று பார்க்கப் படலை படலையாகப் போனது.

*

குடும்பத்தைப் பற்றி. அவர் இலேசான ஆள் அல்ல. சின்னம்மாவின் கலியாண விஷயத்தில் அவர் சொன்னதுதான் நடந்தது, அதில் சின்னம்மாவுக்குக் கடைசிவரை ஒரு மனத்தாங்கல் இருந்தது. மாமாவைக் கனடாவுக்கு அனுப்பக் காணியின் ஒரு துண்டை ஈடு வைத்தபோது யாரையும் கேட்கவில்லை. வீட்டில் யார் எவ்வளவு படிக்கவேண்டும், யார் யாரோடு கதைக்காமல் இருக்கிறார்கள், அது எப்போது முடியவேண்டும் என்பதெல்லாம் அவர் தீர்மானிப்பார். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். பெயர் சொல்லி அழைப்பதை நிறுத்திவிடுவார். அது அடியைவிட வலிக்கும், ஏனென்றால் எங்கள் வீட்டில் பெயர் சொல்லப்படுவதுதான் இருப்பதற்கு அத்தாட்சி.

பிள்ளைகள் ரொறொன்ரோ, லண்டன், சூரிச் என்று சிதறியபின் சனிக்கிழமை இரவுகள் தொலைபேசிக்கு ஆனவை. ஒவ்வொருவரையும் அழைத்து இரண்டே நிமிடம். சாப்பிட்டாயா, கோயிலுக்குப் போனாயா, தம்பியோடு கதைத்தாயா. மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஒருவருடைய செய்தியை மற்றவருக்குக் கொண்டுபோய், மற்றவருடையதை இவருக்குக் கொண்டுவந்து, பேசாமல் இருந்த இரண்டு சகோதரர்களைத் தெரியாமலே பேசவைத்தார். குடும்பம் என்பது தானாக இருக்கும் என்று அவர் நம்பவில்லை. ஒவ்வொரு கிழமையும் கூட்டவேண்டிய ஒன்று என்று நம்பினார்.

*

அவருடைய செத்த வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேரை எங்களுக்குத் தெரியாது. ஒருவர் வயலில் இருந்து அப்படியே சேற்றுக் காலோடு வந்தார். ஒருவர் வவுனியாவில் வங்கி முகாமையாளர். ஒரு பெண் தன் பிறப்புச் சான்றிதழின் பிரதியைக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்ப மடித்து வைத்துக்கொண்டார்.

கல்லறைக் கல்லைப் பற்றிப் பேச்சு நடந்தது. கறுப்புக் கருங்கல், பொன்னெழுத்து என்று மாமா சொன்னார். காசு அவருடையது, அன்பும் உண்மையானது. அம்மா மட்டும், மனிக் பாம் கொப்பியில் எழுதப்பட்ட பெயர்களை முதலில் அச்சிடவேண்டும் என்று உறுதியாக நின்றார். உயிரோடிருப்பவர், இறந்தவர், தெரியாதவர் என்ற பிரிவு போடாமல், அம்மம்மா எழுதிய ஒழுங்கிலேயே. நான் அம்மாவின் பக்கம். சிலருடைய வீட்டில் அந்தப் பிள்ளையின் பெயர் எழுதிய வேறு காகிதம் ஒன்றும் இல்லை. ஒரு பாடசாலைச் சான்றிதழ் இல்லை, படம் இல்லை. அவர்களுக்கு அந்தக் கொப்பிதான் பத்திரம்.

கடைசியில் கல்லைச் சின்னதாக்கி, மிச்சக் காசில் இரண்டு காரியம் என்று முடிவாயிற்று. ஒன்று கொப்பியை அச்சிடுவது. ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்டுத்தான், வேண்டாம் என்கிறவர்களின் பெயரை விட்டுத்தான். மற்றது, சபை மண்டபத்தில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு, எந்தச் சமயத்துப் பிள்ளையும் வரலாம், காசு இல்லை. குடும்பங்களிடம் கேட்கும் வேலையை நானும் யோகபுரத்தில் இருக்கிற அவருடைய பழைய மாணவி ஒருவரும் பிரித்து எடுத்திருக்கிறோம். பாண்டியன்குளப் பக்கம் முடிந்துவிட்டது. வகுப்பு சிறுபோக அறுவடை முடியத் தொடங்கும். கணிதத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஆங்கிலத்துக்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.